எல்லோரும் பார்த்திருந்தும் யாருக்கும் பெயர் தெரியாத சிற்பி என்று யாரைச் சொல்வீர்கள்?

ஜான் தாமஸ்.

லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். அதன் வெளிச்சுவர்களில் வரிசை வரிசையாக நிற்கும் ராஜாக்கள், ராணிகள், அரச முத்திரைகள் எல்லாம் இவர் மேற்பார்வையில் செதுக்கப்பட்டவை. கட்டியது யார் என்று கேட்டால் சார்லஸ் பாரி என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள், உள் அலங்காரத்தை வடிவமைத்த பியூஜின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். தாமஸ் பெயர் வரவே வராது.

எனக்கும் ஒரு ரயில் பயணத்தில்தான் தெரியவந்தது. மான்செஸ்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சமயம், டப்ளின் போவதற்காக ஹோலிஹெட் துறைமுகத்துக்கு ரயில் ஏறினேன். பாங்கர் நிலையம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில், மெனாய் நீரிணைமேல் உள்ள பிரிட்டானியா பாலத்துக்குள் ரயில் நுழையும் இடத்தில், ஜன்னலை ஒட்டினாற்போல் ஒரு பிரம்மாண்டமான கல் சிங்கம் படுத்திருந்தது. பிடரி மயிர் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, வழுவழுவென்ற உடம்பு. இரண்டு விநாடியில் கடந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு வேல்ஸ் பாட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கரையிலும் இரண்டு இருக்கிறது, பாருங்கள்" என்றார். அந்தச் சிங்கங்களைப் பற்றி அந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்லும் கேலிப்பாட்டு ஒன்று உண்டாம்: நாலும் குண்டு, உடம்பில் ஒரு மயிர் இல்லை, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று போகுமாம். அந்தச் சிங்கங்களைச் செய்தது யார் என்று தேடியபோதுதான் ஜான் தாமஸ் கிடைத்தார்.

1813-இல் க்ளாஸ்டர்ஷயரில் சால்ஃபர்ட் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, ஒரு கல்தச்சரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டடக் கலைஞராக இருந்த அண்ணன் வில்லியமைத் தேடி பர்மிங்ஹாம் போனார். (அந்த அண்ணன் பிற்பாடு கனடாவுக்குக் குடிபெயர்ந்து டொராண்டோவில் பெரிய பெயர் எடுத்தார். குடும்பத்தில் பெயர் எடுத்தது அவர்தான் என்று தோன்றுகிறது.) பர்மிங்ஹாமில் சார்லஸ் பாரி அப்போது கிங் எட்வர்ட்ஸ் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தார். அங்கே தாமஸ் செய்த அலங்கார வேலை பாரிக்குப் பிடித்துப்போனது. அந்தக் கட்டடத்தை 1936-இல் இடித்துவிட்டார்கள்.

பழைய நாடாளுமன்றம் 1834 அக்டோபரில் எரிந்துபோனது. புதியதைக் கட்டும் பொறுப்பு பாரிக்குக் கிடைத்ததும் தாமஸையும் கூட்டிக்கொண்டார். 1846-இல் கல் செதுக்கு வேலை முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனார். தேம்ஸ் நதியைப் பார்த்த முகப்பு மட்டுமே ஏறக்குறைய 265 மீட்டர் நீளம். அதில் முதலாம் வில்லியம் தொடங்கி விக்டோரியா வரை ஒவ்வொரு அரசருடைய சின்னமும் இருக்கிறது. இவ்வளவையும் ஓர் ஆள் செதுக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். களிமண்ணில் முதலில் உருவம் பிடிப்பார்கள். அதிலிருந்து பிளாஸ்டரில் வார்ப்பு எடுப்பார்கள். அந்த வார்ப்பில் அளவு எடுத்து எடுத்துக் கல்லில் புள்ளி குறிப்பார்கள். அதற்குப் பிறகே செதுக்குபவர் உளியைத் தொடுவார். தாமஸின் வேலை முதல் படியிலும் கடைசிப் படியிலும் இருந்தது. உருவத்தை அவர் கொடுப்பார், பல கைகள் செதுக்கும், முடிந்து சுவரில் ஏறும்போது எல்லாம் ஒரே கை செய்ததுபோல் இருக்கவேண்டும். தமிழில் இவருக்குச் சிற்பி என்பதைவிட ஸ்தபதி என்ற சொல்தான் பொருந்தும்.

உள்ளதைச் சொன்னால், தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த ராஜாக்களில் பலர் சுமார் ரகம்தான். ஒருவர் முகத்துக்கும் அடுத்தவர் முகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் நதிக்கு அக்கரையில் நின்று பாருங்கள். ஒரு சிலைகூடத் துருத்திக்கொண்டு நிற்காது. ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடம் மட்டும் பல் விழுந்ததுபோல் தெரியும். அந்தக் கணக்கு சாதாரணக் கணக்கு அல்ல. பேர் வராமல் போனதற்கும் அதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம். சுவரோடு சேர்ந்துவிட்ட சிலையை யாரும் சிலையாகப் பார்ப்பதில்லை.

கல்லும் அவருக்கு உதவவில்லை. கட்டடத்துக்கு யார்க்‌ஷயர் பக்கத்து ஆன்ஸ்டன் சுண்ணாம்புக் கல்லை வாங்கினார்கள். வெட்டுவதற்கு இதமான கல். ஆனால் லண்டனின் நிலக்கரிப் புகையில் இருந்த அமிலம் அதைச் சீக்கிரமே அரிக்கத் தொடங்கிவிட்டது. 1930-களில் பல இடங்களில் பழைய கல்லை எடுத்துவிட்டு க்ளிப்ஷம் என்ற வேறொரு சுண்ணாம்புக் கல்லை வைத்தார்கள். ஆக, இன்று புகைப்படம் எடுப்பவர்கள் பார்க்கும் எல்லாக் கல்லும் அவர் காலத்துக் கல் அல்ல.

நாடாளுமன்றத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர்களில் ஒருவர் சாமுவேல் மார்ட்டன் பீட்டோ. ரயில் பாதைகள் போட்டுப் பணம் குவித்தவர். அவர் தாமஸைப் பிடித்துக்கொண்டார். சஃபோக்கில் தன்னுடைய சம்மர்லெய்ட்டன் மாளிகைக்கு அலங்காரம் மட்டுமல்லாமல் கட்டட வடிவமைப்பையும் தாமஸிடமே விட்டார். விண்ட்ஸர் அருகே ஃப்ராக்மோரில் அரச குடும்பத்துப் பால்பண்ணை 1858-இல் கட்டப்பட்டது, அதன் உட்புறமும் இவர் வேலைதான். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலின் முகப்பில் கண்டங்களையும் தொழில்களையும் பெண்களாக உருவகித்த சிற்பங்கள் இருக்கின்றன. 1940-இல் குண்டு விழுந்து உள்ளே எல்லாம் போனது, முகப்பு தப்பித்தது. இப்போது அது ஹோட்டல். பல மாதங்கள் அந்த வழியாக நடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் தலையை நிமிர்த்திப் பார்த்ததில்லை.

சிங்கங்களுக்கு வருகிறேன். பாலத்தைக் கட்டியவர் ராபர்ட் ஸ்டீபன்சன், 1850-இல் திறந்தார்கள். கோபுரங்கள் எகிப்திய பாணியில் இருந்ததால் சிங்கங்களும் அதே பாணியில் அமைந்தன. பாட்டி சொன்ன வழுக்கைக்குக் காரணம் அதுதான். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம். லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்கள் வந்தது 1867-இல். அவற்றைச் செய்த லாண்ட்சீர் தொழிலால் ஓவியர். அவர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். 17 ஆண்டுகள் முன்பே வந்த இந்த நான்குக்கு அந்த யோகம் இல்லை.

ஐம்பதைத் தொடும் முன்பே, 1862 ஏப்ரல் 9 அன்று தாமஸ் இறந்தார். மூன்று வாரத்தில் லண்டனில் சர்வதேசக் கண்காட்சி தொடங்கியது. அவர் வடிவமைத்து மின்டன் நிறுவனம் பீங்கானில் செய்த 36 அடி உயர நீரூற்று அங்கே கூட்டத்தை ஈர்த்தது. லண்டனுக்குக் குடிநீர்க் கால்வாய் வெட்டிய ஹ்யூ மிடில்டனுக்கு, அதே ஊரின் இஸ்லிங்டன் பகுதியில் இருக்கும் சிலையும் அவர் மறைந்த பிறகே, அந்த ஜூலையில் திறக்கப்பட்டது.

ஒரு யோசனை. அந்தப் பாலத்தில் காரில் போனால் சிங்கங்களைப் பார்க்க முடியாது. 1970-இல் வௌவால் தேடிப் போன பையன்கள் கையிலிருந்த தீப்பந்தத்தால் பாலம் எரிந்தது. திருத்திக் கட்டியபோது மேலே ஒரு சாலைத் தளத்தையும் சேர்த்துவிட்டார்கள். சிங்கங்கள் அதற்குக் கீழே போய்விட்டன. ரயிலில் போங்கள். பாங்கர் தாண்டியதும் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள், இரண்டு விநாடிதான் கிடைக்கும்.