வாசகர் கேள்வி – பதில்: படிவத்தில் உள்ள காரும் வீதியில் ஓடும் காரும்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பழைய காரை ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்கினோம். பதிவுப் புத்தகம் இன்னும் முன்னைய உரிமையாளரின் பெயரில்தான் இருக்கிறது. காப்புறுதியும் அவர் எடுத்ததுதான். காலம் இன்னும் முடியவில்லை. விடுமுறை நாட்களில் என் மகன் நிலாவெளி விடுதிகளுக்கு வரும் உல்லாசப் பயணிகளை ஹயருக்கு ஏற்றி இறக்குகிறான். வருமான அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருப்பதால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறான். அவன் சொல்வது சரியா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: சரியல்ல, அம்மா. வருமான அனுமதிப்பத்திரம் பெறும்போது காப்புறுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருக்கின்றனவா என்று பார்ப்பார்களே தவிர, காப்புறுதிப் படிவத்தில் எழுதப்பட்டவை இன்றும் உண்மையா என்று எவரும் பார்ப்பதில்லை. அந்தக் கேள்வி விபத்து நடந்து, நட்டஈடு கேட்டுப் போகும் நாளில்தான் முதன்முறையாக எழும்.

முதலில் பெயர் விவகாரம். ஒரு பொருள் சேதமடைந்தால் யாருக்கு நட்டம் ஏற்படுமோ, அவர்தான் அதற்குக் காப்புறுதி எடுக்க முடியும். காரை விற்றுப் பணத்தை எண்ணி வாங்கிய முன்னைய உரிமையாளருக்கு இன்று அந்தக் கார் நொறுங்கினாலும் நட்டமில்லை. நட்டப்படப் போகிற உங்களுக்கோ அந்தக் காப்புறுதி நிறுவனத்துடன் ஒப்பந்தமே இல்லை. ஆகவே அவருடைய கோரிக்கையையும் மறுக்கலாம், உங்களுடையதையும் மறுக்கலாம். கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தும் காருக்கு நட்டஈடு கிடைக்காமல் போகிற விசித்திர நிலை இது. உடைமை மாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்திட்ட மாற்றப் படிவத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது என்பதற்காக அது பாதுகாப்பானதாகிவிடாது. முன்னையவர் நட்டஈடு கோராமல் ஓட்டியதற்காகப் பெற்ற போனஸ் கழிவும் அவருக்குரியதே. காருடன் சேர்ந்து உங்களுக்கு வராது.

அடுத்தது ஹயர். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதிப் பத்திரத்தில், கூலிக்கு ஆட்களை ஏற்றும்போது ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். “ஆளை இறக்கிவிட்டு வெறும் காராகத் திரும்பும்போதுதானே மோதியது” என்று சிலர் வாதாடுவார்கள். ஆனால், காரின் பாவனை மாறியதை ஏன் அறிவிக்கவில்லை என்ற கேள்விக்கு அந்த வாதம் பதிலாகாது. காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது. நிறுவனம் கேட்க மறந்ததைக்கூட, அது முக்கியமானதென்றால், நீங்களாகவே சொல்ல வேண்டும்.

எனவே புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, உங்கள் பெயரிலேயே புதிய காப்புறுதி எடுங்கள். மகன் ஹயர் ஓடுவதை அதில் எழுதுங்கள். கட்டுப்பணம் கூடும்; கூடட்டும். படிவத்தை முகவர் நிரப்பட்டும், ஆனால் கையெழுத்திடுமுன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். முகவர் எழுதிய பிழைக்கும் கடைசியில் கையெழுத்திட்டவரையே கேட்பார்கள். பெற்றோலில் ஓடிய காரைக் காஸுக்கு மாற்றுவது போன்ற மாற்றங்களையும் அவ்வாறே அறிவிக்க வேண்டும்.

கேள்வி: கனடாவிலிருந்து வந்த என் தம்பி எனது காரை ஓட்டிவந்தபோது, ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் யானை குறுக்கிட்டு, முன்பக்கம் நொறுங்கிவிட்டது. அவரிடம் கனடா அனுமதிப்பத்திரம் மட்டுமே இருக்கிறது. நான் ஓட்டியதாகச் சொல்லிவிடுமாறு உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: சொல்லாதீர்கள், ஐயா. அந்தப் பாதையில் யானை குறுக்கிடுவது புதினமல்ல. முழுமையான காப்புறுதியில் அப்படியான மோதல் பொதுவாக விபத்தாகவே கொள்ளப்படும். உங்கள் சிக்கல் யானையால் வந்ததன்று, சாரதி இருக்கையில் யார் இருந்தார் என்பதால் வந்தது. இலங்கையில் வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரமோ, இங்கே அங்கீகாரம் பெற்ற சர்வதேச அனுமதிப்பத்திரமோ வேண்டும். தம்பி புலம்பெயருமுன் இங்கே பெற்ற அனுமதிப்பத்திரம் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் கதையே வேறு.

இல்லாவிட்டாலும் உள்ளதையே சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு கோரிக்கை தள்ளுபடியாகலாம். சாரதியை மாற்றிச் சொல்லி அகப்பட்டால், கோரிக்கை போவதோடு காப்புறுதிப் பத்திரமே ரத்தாகலாம்; பொலிஸில் கொடுத்த பொய் வாக்குமூலம் தனிக் குற்றமாகவும் நிற்கும். தேநீர்க்கடைக் கமராவும் தொலைபேசி அழைப்புப் பதிவும் இருக்கிற காலத்தில் அகப்படுவது கடினமுமன்று. நிறுவனத்துக்கும் பொலிஸுக்கும் இன்னும் அறிவிக்கவில்லையென்றால் இன்றே அறிவியுங்கள்; மதிப்பீட்டாளர் பார்க்குமுன் கராஜில் கை வைக்க விடாதீர்கள். யானை காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் சொல்ல வேண்டும். மறுப்புக் கடிதம் வந்து, அது நியாயமற்றதென்று நீங்கள் கருதினால், நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்ட பின் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம்.

கேள்வி: மார்கழி மழையில் முற்றத்தில் நின்ற காருக்குள் வெள்ளம் புகுந்தது. வற்றியதும் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். எஞ்சின் பெரிய சத்தத்துடன் நின்றுவிட்டது. எஞ்சினுக்கு நட்டஈடு தர முடியாது என்கிறார்கள்.
– ஒரு வாசகர், மூதூர்

பதில்: காற்று அமுங்கும்; தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் தண்டு வளைந்துவிடும். அதை வெள்ளத்தின் சேதமாகக் கொள்ளாமல், சாவியைத் திருப்பியதால் வந்த சேதமாக அவர்கள் கணக்கிடுகிறார்கள். உங்கள் பத்திரத்தில் வெள்ளத்துக்கான மேலதிகக் காப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஆசனங்கள், மின்சுற்று முதலியவற்றுக்கான சேதத்தை எஞ்சினிலிருந்து பிரித்துத் தனியாக மதிப்பிடுமாறு எழுத்தில் கேளுங்கள்.