ராயபுரம் வீட்டு மாடித் தேக்குத் தரை: கொப்புளம் வந்தால் என்ன செய்வது?

வணக்கம். பழைய வீட்டு மாடியில் தேக்குப் பலகைத் தரை, ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷை ரோலரில் அடித்தீர்கள், மறுநாள் பொடிப்பொடியாகக் கொப்புளம், சில இடம் ஒட்டுகிறது. இதுதானே? மேலேயே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று பெயிண்டர் சொன்னதைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஈரம்தான் எனக்கு முதல் சந்தேகம். ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். அது வெளியேறுவதற்குள் மேல்பரப்பு இறுகினால் கொப்புளம்தான். போதாக்குறைக்கு ரோலர் வேறு காற்றை அடைக்கும். ஒட்டுகிற இடத்தில் கலவை அளவு தப்பியிருக்கலாம்.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கட்டை தெரியும்வரை சுரண்டி எடுங்கள். இறுகிய இடத்தில் 120, பிறகு 220 நம்பர் உப்புத்தாள் போதும். தூசியை வாக்குவத்தில் உறிஞ்சிவிட்டு, கட்டை தெரியும் இடத்தைப் பிசிறில்லாத துணியில் பியூ தின்னர் தொட்டுத் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு பிடிக்காது.

காலை வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகு, கடற்காற்று வருவதற்குள் புதுப் பூச்சை அடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, மெல்லிய முடியுள்ள பிரஷ்ஷால், மர ரேகை போகும் திசையிலேயே, கடைசிச் சுவரிலிருந்து வாசலை நோக்கி மெல்லிசாக இழுங்கள். பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும், பூஜை விளக்கு எரியக் கூடாது. துணி மாஸ்க் இந்த ஆவிக்குப் பத்தாது, கார்பன் ஃபில்டர் வைத்ததுதான் வேண்டும். முதலில் பீரோ மறைக்கும் மூலையில் ஒரே ஒரு பலகை அடித்துப் பாருங்கள்.