சேலத்தில் சேர்ந்த சுருதி ஏற்காட்டில் இறங்குவது ஏன்?

ட்ரம்பெட்டின் டியூனிங் ஸ்லைடையும் (சுருதி சேர்க்க நகர்த்தும் குழாய்) சாக்ஸபோனின் மவுத்பீஸையும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். சேலம் ரிகர்சலில் சேர்ந்த சுருதி ஏற்காடு மேடையில் கீபோர்டுக்குக் கீழே போகிறது என்றீர்கள். ஊதுகிறவர்கள் மேல் தப்பில்லை, குளிர்தான். குழாய்க்குள் காற்று 1 டிகிரி குளிர்ந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 10 டிகிரி என்றால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மலை உயரம் காரணமில்லை.

ஃபங்க் வாசிக்க மாறுமுன், மெல்லிசைக் குழுவாக இருந்தவரை, பிராஸ் (ஊதுகருவி) சத்தமும் கீபோர்டிலேயே வந்திருக்கும், அதனால் இது தெரிந்திருக்காது. ஃபங்க்கில் இன்னும் சிக்கல். ஹார்ன்கள், அதாவது ட்ரம்பெட்டும் சாக்ஸும், நறுக்கென்று இரண்டு அடி அடித்துவிட்டு எட்டு பார் (தாளச் சுற்று) சும்மா இருக்கும். அதற்குள் குழாய் ஆறிவிடும். அந்த இரண்டு அடி சுத்தமாக விழுந்தால்தானே பாட்டு எழும்பும்! இடைவெளியிலும் சத்தம் வராமல் உள்ளே மூச்சை ஊதிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

ஒரு சோதனை: மேடைக்குப் பின்னால் 5 நிமிடம் ஊதிவிட்டு டியூனர் பாருங்கள். 5 நிமிடம் கீழே வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். சரியான சுருதி அந்த இரண்டு அளவுக்கும் நடுவில் விழும்படி ஸ்லைடையும் மவுத்பீஸையும் வையுங்கள். அப்படியும் எட்டவில்லையென்றால் கீபோர்டின் அடிப்படைச் சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து 435-க்கு இறக்குங்கள். கிட்டாரும் பேஸும் அதையே பிடிக்கட்டும்.

சாக்ஸில் ஒன்றிரண்டு சுரம் மட்டும் பிசகினால் குளிரைச் சொல்ல முடியாது. அப்புறம் பேட் (சாக்ஸின் துளைகளை மூடும் மெத்தை) கசிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.