வாசகர் கேள்வி: பழக் கழிவில் வீட்டு அலங்காரம் சாத்தியமா?

கேள்வி: மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் சிம்பாங் ரெங்காம் இரவுச் சந்தையில் அன்னாசித் தோலும் அடிபட்ட மாம்பழமும் டுரியான் தோலும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகின்றன. அவற்றைக் கொண்டு சுவர்ப் பலகையோ விளக்குக் கூண்டோ செய்ய முடியுமா? மாம்பழக் கூழைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தேன். மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்துவிட்டது.
தோட்டக் குடியிருப்பு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எடுத்த வழி தவறானதன்று. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில், விற்பனைக்கு உதவாத மாம்பழங்களைக் கூழாக்கி, காயவைத்து, மேற்பூச்சிட்டு விலங்குத் தோல் போன்ற விரிப்புகளாக விற்கிறார்கள். கூழிலுள்ள பெக்டின் என்னும் இயற்கைப் பசைப்பொருள்தான் காயும்போது எல்லாவற்றையும் பிணைத்துத் தாளாக்குகிறது. ஆனால் பழத்தின் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மேற்புறம் உலர்ந்த பின்னும் உட்புறம் ஈரமாகவே இருக்கும். சீரான சூட்டில் உலர்த்தும் கருவி இல்லாமல், நம் நாட்டு ஈரக்காற்றில் அதைச் சுவருக்குப் பயன்படுத்த நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பழத்தை விட்டு, அன்னாசியின் இலையைப் பாருங்கள். ஜொகூரின் அன்னாசித் தோட்டங்களில் மறுநடவுக்காக ஒதுக்கப்படும் இலைகளில் சர்க்கரை குறைவு, வலுவான நார் அதிகம். ஸ்பெயினைச் சேர்ந்த கார்மென் ஹிஜோசா, பிலிப்பைன்ஸில் கண்ட இந்த நாரிலிருந்துதான் 'பின்யாடெக்ஸ்' என்னும் நெய்யாத விரிப்பை உருவாக்கினார். நாற்காலி உறைகளுக்கும் அது பயன்படுகிறது. அதே பிலிப்பைன்ஸின் அக்லான் மாநிலத்தில், உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையின் பச்சையைச் சுரண்டி, பின் தேங்காய்ச் சிரட்டையால் மென்நாரைப் பிரித்தெடுத்து நெய்கிறார்கள். அந்தக் கைத்தறிக் கலை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இயந்திரமே இல்லாமல் நம் பெண்கள் வீட்டு முற்றத்தில் தொடங்கக்கூடிய வேலை இது என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சுரண்டிய நாரை ஓடும் நீரில் பசை போக அலசி, நிழலில் முழுதும் உலர்த்தி, மூங்கில் சட்டத்தில் நெருக்கமாகக் கட்டினால் அறைத் தடுப்பாகும். மாவுப் பசை வேண்டாம், பூச்சி வரும். டுரியான் தோலும் நார் மிகுந்ததே. எனினும் அதைத் துண்டாக்கிச் சூட்டில் அழுத்திப் பலகையாக்கும் பொறி வீட்டில் இருக்காது. மூவார் வட்டாரத்து நாற்காலி, மேசைத் தொழிற்சாலைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

விளக்குக் கூண்டு செய்தால் எல்இடி விளக்கையே பொருத்துங்கள். சூடேறும் பழைய குண்டு விளக்கை உலர்ந்த நாருக்கு அருகில் வைக்கவே கூடாது.