கதவுக்குள் நுழையாத வீல்சேர்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பொள்ளாச்சியில் ஒரு கடையில் பெரிய சக்கரம் வைத்த வீல்சேர் வாங்கினேன். பாத்ரூம் கதவுக்குள் போகவில்லை. கேட்டால், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். கடை தமிழ்நாட்டில், நாங்கள் கேரளத்தில். எங்கே புகார் செய்வது?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாலக்காட்டிலேயே செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரேக் பிடிக்கவில்லை, வெல்டிங் விட்டது என்றால் பில்லில் இருக்கும் 'திரும்பப் பெறப்படாது' என்ற வாசகம் செல்லாக்காசு. கதவளவைச் சொல்லி, "தாராளமாக நுழையும்" என்று கடைக்காரர் தந்திருந்தாலும் உங்கள் பக்கம் பலம் உண்டு. அளக்காமல் வாங்கிவிட்டு வழக்குப் போட்டால் நிற்பது கஷ்டம். வித்தியாசப் பணம் கொடுத்து வேறு மாடல் கேட்டுப் பாருங்கள்.

எப்படியும் இந்த மாடல் அம்மாவுக்கு ஆகாது. இடக்கையால் ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் வண்டி செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். 18 அங்குல சீட் என்றால், சக்கரமும் அதைத் தள்ளப் பிடிக்கும் கைவளையமும் சேர்ந்து மொத்த அகலம் 25, 26 அங்குலம் வந்துவிடும். நம் வீட்டு பாத்ரூம் கதவோ பெரும்பாலும் இரண்டடிதான். திறந்து நிற்கும் கதவுப் பலகையின் கனமும் அதில் ஓர் அங்குலத்தைத் தின்னும். பின்னால் நின்று தள்ளுகிற சின்னச் சக்கர வண்டி அகலம் குறைவு. பக்கவாட்டில் கை வைக்கும் பிடி கழற்றக்கூடியதாகப் பாருங்கள். அப்போதுதான் கட்டிலிலிருந்து அம்மாவைத் தூக்காமல் நகர்த்தி உட்காரவைக்க முடியும். சீட்டுக்கு மெத்தையை மறந்துவிடாதீர்கள், வெறும் ரெக்சினில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வந்துவிடும்.

மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால், 60 வயது தாண்டியவர்களுக்கான மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் வீல்சேர் இலவசம். பெரும்பாலும் முகாமில்தான் தருவார்கள், காத்திருக்க வேண்டும். அதுவரை படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸிடம் இரவல் வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் பாத்ரூம் வரை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், கையில் டேப்போடு.