ஆலைகள் வந்ததால் கைவேலையின் மதிப்பு அழிந்ததா?

கேள்வியைப் பார்த்தால் செமினாருக்குத் தயாராகும் டிசைன் மாணவர் போலத் தெரிகிறது. 'ஆலை வந்தது, கைவினை செத்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எல்லாமே கையால் செய்யப்பட்ட காலத்தில் 'கையால் செய்தது' என்று சொல்லி யாரும் விற்கவில்லை. அந்தப் பெருமையே ஆலைப் பொருட்கள் குவிந்த பிறகு வந்ததுதான்.

1851 லண்டன் கண்காட்சியில் ஆலைப் பொருட்களின் மேல் அப்பியிருந்த அலங்காரம் பலருக்கு எரிச்சலூட்டியது. இரண்டு வருடம் கழித்து கலை விமர்சகர் ஜான் ரஸ்கின், இடைக்காலக் கட்டடங்களின் கரடுமுரடான செதுக்கல்களில் தொழிலாளியின் சுதந்திரம் தெரிகிறது என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் வந்தார். சோஷலிசம் பேசியவர், ஆனால் அவர் அச்சகம் போட்ட, இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூல் 1896இல் 20 பவுண்டு, எந்தத் தொழிலாளி வாங்குவான்? (மோரிஸ் இயந்திரத்துக்கே எதிரி என்று நான் சொல்லவில்லை. அவர் வடிவமைத்த கம்பளங்களில் சில விசைத்தறியில் நெய்யப்பட்டவை.)

எனக்கு வலிப்பது இதற்கு அப்புறம் நடந்ததுதான். 1899இல் லண்டனின் லிபர்ட்டி கடை 'சிம்ரிக்' என்ற வெள்ளிப் பொருட்களை இறக்கியது. பெரும்பாலும் இயந்திர அச்சில் அழுத்தி எடுத்தவை, ஆனால் பார்ப்பதற்குச் சுத்தியல் தட்டிய தடம் இருக்கும். அவற்றில் பலவற்றை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் நாக்ஸின் பெயரைக் கடை வெளியே சொல்லவில்லை. நிஜமாகவே சுத்தியல் பிடித்தவர்களை வைத்து கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பி நடத்திய கைவினைச் சங்கம் 1908இல் கலைந்தது. மலிவான போட்டி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், லண்டனை விட்டுத் தொலைவில் போய் உட்கார்ந்ததும் ஒரு காரணம்.

நான் மண் பாத்திரம் செய்பவன். ஒரு நிறுவனம் என்னிடம் கோப்பை மாதிரி கேட்டது: சக்கரத்தில் வனைந்ததுபோல் விரல் வரி தெரியவேண்டும், ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஆடாமல் அடுக்க வரவேண்டும். செய்து கொடுத்தேன். அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, கூழ்மண் ஊற்றி வார்த்தார்கள். இப்போது ஒவ்வொரு கோப்பையிலும் என் கட்டைவிரல் அதே இடத்தில் அதே மாதிரி வழுக்கியிருக்கிறது. அட்டைப்பெட்டியில் 'கைவினைஞரின் தொடுதல்' என்று போட்டிருக்கிறார்கள். எந்தக் கைவினைஞர் என்று போடவில்லை. காசு கொடுத்தார்களே, என்ன குறை என்பீர்கள். காசு சரி, பெயர்? 1888இல் லண்டனில் கலை கைவினைக் கண்காட்சி நடத்தியவர்கள் வடிவமைத்தவரோடு செய்தவரின் பெயரையும் பட்டியலில் போட்டார்கள்!

ஜெர்மனியின் டிசைன் பள்ளியான பௌஹாஸ் பற்றியும் எழுதுவீர்கள். 1919இல் 'கைவினைக்குத் திரும்புவோம்' என்று அழைத்த அதன் நிறுவனர் குரோபியஸ், 1923இல் 'கலையும் தொழில்நுட்பமும்: ஒரு புதிய ஒற்றுமை' என்றார். அதே வருடம் டோர்ன்பர்க்கில் இருந்த அவர்களுடைய மண்பாண்டப் பட்டறையில் தியோடர் பொக்லர் வார்ப்பு முறைக்கேற்ற தேநீர்க் கெண்டியைச் செய்தார். அவ்வளவு ஒத்துழைத்தும் 1925இல் பள்ளி தெஸ்ஸாவுக்கு மாறியபோது அந்தப் பட்டறையை மட்டும் கூட்டிப்போகவில்லை. டிசைன் வகுப்புகளில் பௌஹாஸ் நாற்காலிகளுக்கே நேரம் போதாமல் இதைச் சொல்வதே இல்லை. மண் என்றால் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. என்னிடமே 'முழுநேர வேலை என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு.

வார்ப்பு வேலை செய்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். நல்ல அச்சு எடுக்கப் பெரிய கைத்திறன் வேண்டும், என்னால் முடியாது. அட்டைப்பெட்டியில் உங்கள் பெயரும் இல்லை.