டார்க் வெப்பிலிருந்து அழித்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் டார்க் வெப்பில் (சாதாரணத் தேடலில் வராத, திருட்டுத் தரவு கைமாறும் மறைவான இணையப் பகுதி) கிடப்பதாக ஒருவர் போன் செய்தார். நான் முன்பு வைத்திருந்த பாஸ்வேர்டையே சரியாகச் சொன்னார். 4,999 ரூபாய் கட்டினால் அழித்துவிடுவாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள். பாஸ்வேர்டைச் சரியாகச் சொன்னதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது, ஆனால் எங்கோ திருடுபோன ஒரு பாஸ்வேர்டு பட்டியல் அவர் கைக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை வெளியே போன பட்டியல் எத்தனை பேர் கணினியில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதைப் போலீசாலும் அழிக்க முடியாது. கண்காணிப்புக்குச் சந்தா வாங்கும் ஒழுங்கான நிறுவனங்கள்கூட உங்கள் விவரம் அதில் இருக்கிறதா என்று தேடித்தான் சொல்கின்றன.

அந்தத் தேடலுக்குக் காசே வேண்டாம். இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ (haveibeenpwned.com) தளத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால் எந்தக் கசிவில் சிக்கியது என்று காட்டும். 2020-இல் ஆன்லைன் மளிகைக் கடையான பிக்பாஸ்கெட்டிலிருந்து திருடுபோன இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள்கூட அங்கே உண்டு. மின்னஞ்சலோடு பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல். பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம். கசிந்தது ஏதோ நிறுவனத்திடமிருந்து இல்லாமல் உங்கள் கணினியிலிருந்தே என்றால் இதெல்லாம் போதாது. காசு கொடுக்காமல் ஓட்டுவதற்காகக் கிராக் செய்த டேலி கணக்கு மென்பொருளோ கேமோ இறக்கியிருந்தால் அதோடு வரும் திருட்டு நிரல், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பிவிடும், அந்த அடையாளம் கையில் இருந்தால் ஓடிபியே தேவைப்படாது. அதே கணினியில் புது பாஸ்வேர்டு போட்டால் அதுவும் போகும். எனவே வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்திவிட்டு, கணினியை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது தரவைத் தொலைத்த நிறுவனம். கசிவு தெரிந்த 6 மணி நேரத்தில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு போட்டார்கள், பாதிக்கப்பட்ட நமக்கு? நமக்கும் சொல்ல வேண்டும் என்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் வர 2025 நவம்பர் ஆனது, முக்கியமான கடமைகளுக்கு அதன் பிறகும் 18 மாத அவகாசம். இந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்ட ஆட்கள் போன் செய்கிறார்கள்.

உங்களுக்குப் போன் வந்த எண்ணை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.